ரிஜிஸ்டரை வலமிருந்து படித்தவர்

போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு, கருகிப்போன காயிலை உருவிக்கொண்டிருந்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பட்டறை வாசலுக்கு வந்தார். "ஜமால் பாய் தவறிட்டாருங்க. ராத்திரி தூக்கத்துலயே. ஜும்மா முடிஞ்சு எடுக்கறாங்களாம்" என்றார். சொல்லிவிட்டு உடனே போகவில்லை. என் கையிலிருந்த காயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யாரும் சத்தம் போடவில்லை.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்தேன். லப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தபோது சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அரியலூர் கோர்ட் வாசலில் அவரைத் தெரிந்த உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். வக்கீல் குமாஸ்தாக்கள் சங்கத்து மலரில் போட நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று அங்கேதான் கேட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பின் மேல் உள்ள பிரியத்தால் அதை இரண்டு வருஷம் படித்தவன் நான். எழுத்து முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவர் வக்கீல் குமாஸ்தா. எனக்கு அவர் பழைய கேஸ் கட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். அதற்குள் என் வீட்டுக்குப் போகிற வழியும் இருந்தது, என் அப்பாவும் இருந்தார்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் அது. எங்கள் வீட்டுக்கும் பட்டறைக்கும் போக ஒரே ஒரு வண்டிப்பாதை. அது பெரியப்பா கொல்லையின் ஓரமாகப் போகும். பெரியப்பாவும் போய், எங்கப்பாவும் போன பிறகு, பெரியப்பா மகன் சாமிக்கண்ணு அண்ணன் ஒருநாள் காலையில் அதன் குறுக்கே முள்ளுப் படலை வைத்துக் கட்டிவிட்டார். கேட்டதற்கு, கொல்லை எங்களுது, பாதையும் எங்களுது என்றார். அதோடு நிற்காமல் நான் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று அரியலூர் முன்சீப் கோர்ட்டில் கேஸும் போட்டார். கிணற்று மோட்டாரைத் தலையில் சுமந்துகொண்டு வரப்பு வழியாக எவனாவது என் பட்டறைக்கு வருவானா? வேலை பாதிக்கு மேல் நின்றது. என் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் இரண்டு முறை வழுக்கி விழுந்தாள்.

எனக்கு மட்டும் பயமே இல்லை. காரணம் எங்கப்பா. "அந்தக் காலத்துலயே உங்க பெரியப்பன் மேல கேஸ் போட்டு, அரியலூர் கோர்ட்டுல ஜெயிச்சு வாங்குன பாதைடா இது" என்று அவர் சொல்லாத பொங்கல் கிடையாது. வக்கீலிடம் நெஞ்சை நிமிர்த்தி இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படியானால் அந்தத் தீர்ப்பின் நகலை அடுத்த வாய்தாவுக்குள் கொண்டு வா, இல்லையென்றால் பாதை கைவிட்டுப் போகும் என்றார்.

நான் என்ன செய்தேன் என்றால், கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராகப் பெரம்பலூர் தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். பழைய காகிதம் என்றால் தாலுக்கா ஆபீஸ் என்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். இரண்டு நாள் நின்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு கிளார்க் பரிதாபப்பட்டு, "பட்டாவுன்னா இங்க. கேஸுன்னா எந்தக் கோர்ட்டுல நடந்துச்சோ அங்க. உங்க வக்கீலோட குமாஸ்தாவைப் புடிங்க" என்று அனுப்பி வைத்தார்.

அப்படித்தான் ஜமால் பாயிடம் போய்ச் சேர்ந்தேன். கோர்ட்டுக்கு எதிர்த்த டீக்கடை பெஞ்சில், தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்ன தொழில் என்று கேட்டார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன் என்றேன். அன்றையிலிருந்து நான் அவருக்கு மோட்டாரு. என் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியுமா என்பது சந்தேகம்தான். மனுவில் மட்டும் சரியாக எழுதுவார்.

"கேஸ் நம்பர் என்னங்க?" என்றார்.

தெரியாது.

"வருஷம்?"

அதுவும் தெரியாது. அப்பா ஜெயித்தது மட்டும் தெரியும் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரெக்கார்டு ரூமில் ஒவ்வொரு வருஷத்துக் கேஸும் தனித்தனிக் கட்டாக இருக்கும், வருஷம் தெரியாமல் தேடுவது கொள்ளிடத்தில் எங்கேயோ விட்ட மோதிரத்தைத் திருமழபாடிக் கரையில் நின்று தேடுகிற மாதிரி என்றார். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா இருப்பதாகச் சொன்னேன். "அவங்ககிட்ட வருஷம் கேக்காதீங்க. வருஷம் கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. கோர்ட்டுக்குப் போனப்ப கொல்லையில என்ன வெள்ளாமை, மடியில எந்தப் புள்ளை, ஊருல என்ன நடந்துச்சு, அதைக் கேளுங்க. அது மறக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா முறத்தை வைத்துவிட்டு, "அந்தக் கேஸு இப்ப எதுக்கு?" என்றாள். பாதைக்கு என்றேன். முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். விடாமல் கேட்டதில், உன் தங்கச்சி கைக்குழந்தை என்றாள். பிறகு, மருதையாற்றில் ரயில் கவிழ்ந்த மழைக்கு அப்பாவின் வாய்தா தள்ளிப்போனது என்றாள். அப்பா அரியலூர் போய்விட்டு, கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ரயிலைப் பற்றியே மூன்று நாள் அழுதார் என்றாள். அதற்கு மேல் கேட்டால் அடுப்பு வேலை வந்துவிட்டது.

மறுநாள் ஜமால் பாயிடம் சொன்னேன். ரயில் என்றதும் அவர் முகம் மாறியது. அந்த வண்டியில் தனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்று மட்டும் சொன்னார். பிறகு விரல் விட்டு எண்ணி, "அப்ப ஐம்பத்தாறுல நம்பர் ஆன கேஸு. தீர்ப்பு ஐம்பத்தேழுல இருக்கும்" என்றார். இந்தப் பக்கத்துப் பாதிச் சனத்துக்கு அந்த ரயில்தான் காலண்டர் என்று வருத்தத்தோடு சொல்வார்.

தேடுவதற்கென்று ஒரு மனு. அதில் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, நான் இன்னாருடைய வாரிசு, இன்ன காரணத்துக்காக வேண்டும் என்று எழுதி உள்ளே கொடுத்தார். குமாஸ்தாவானாலும் ரெக்கார்டு ரூமுக்குள் காலை வைக்கக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். கவுண்டரில் நின்றபடிதான் பார்ப்பார். உள்ளிருந்து அந்த வருஷத்து வழக்குப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஒரு மனிதன் படுத்துக்கொள்ளலாம், அத்தனை அகலம். இடது ஓரத்தில் கேஸ் நம்பர், அப்புறம் வாதி, பிரதிவாதி, என்ன வழக்கு, என்ன தீர்ப்பு, அதற்குப் பிந்தின குறிப்பு என்று கட்டம் கட்டமாக வலது ஓரம் வரை போகும்.

உங்களுக்கெல்லாம் தெரியும், ஜமால் பாய் அதை வலது ஓரத்திலிருந்துதான் படிப்பார். பாய் கோர்ட் ரிஜிஸ்டரையும் குர்ஆன் ஓதுகிற மாதிரியே பார்க்கிறார் என்று நீங்கள் கேலி செய்வதும், "ஆமா, எனக்குப் பழக்கம் அப்படி" என்று அவர் தலையாட்டுவதும் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வாதி பெயர்களில் எங்கப்பா இல்லை. இரண்டு முறை பார்த்தாயிற்று. ஒருவேளை அடுத்த வருஷமோ என்று அதையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஜமால் பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், பதிவேட்டைக் கொண்டுவந்த கிளார்க்கிடம், "சார், பிரதிவாதிக் கட்டத்துல ஒருதரம் பாத்துருங்களேன்" என்றார்.

இருந்தது. அவர் வலது ஓரத்திலிருந்து மெதுவாக இடது ஓரம் வரை படித்தார். நம்பரைக் குறித்துக்கொண்டார். என் தோளைத் தொட்டு டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மோட்டாரு, கேஸு போட்டது உங்க பெரியப்பா. உங்கப்பா பிரதிவாதி" என்றார்.

"சரி. தீர்ப்பு?"

"செலவுத் தொகையோட உங்கப்பாவுக்கு எதிராத்தான் ஆயிருக்கு. பாதையில மாட்டுக்கொட்டா போட்டிருக்காரு. அதைப் பிரிக்கணும், அந்தக் கொல்லையில அவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லைன்னு டிக்ரி."

இருபது வருஷப் பொங்கல் மொத்தமும் கண் முன்னால் வந்தது. அப்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவரைப் பற்றி எழுதியது ஆகாது. "கடைசியிலேர்ந்து படிச்சா தலைகீழாத்தான் தெரியும். உங்காளுங்களுக்கு அதானே பழக்கம். ஒழுங்கா நேராப் படிக்கத் தெரிஞ்ச ஆளைப் பாத்துக்கறேன்" என்றேன். டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜமால் பாய் தன் கிளாஸைக் கீழே வைத்தார். என் கிளாஸை என் பக்கம் தள்ளினார். "டீ ஆறுது, குடிங்க" என்றார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்:

"வலப்பக்கத்துலேர்ந்து படிச்சதனாலதான் உங்களை இங்க உக்கார வச்சிருக்கேன். நேராப் படிச்சிருந்தா, தோத்துட்டாருன்னு சொல்லி அப்பவே பஸ் ஏத்தி வுட்டிருப்பேன். கடைசிக் கட்டத்துல ஒரு வரி இருக்கு. தீர்ப்பை நடத்தித் தரச் சொல்லி உங்க பெரியப்பா நிறைவேற்று மனு போட்டு, அப்புறம் ரெண்டு பேரும் ராஜியாயி, அதைக் கோர்ட்டுல பதிஞ்சிருக்காங்க. என்ன ராஜின்னு கட்டைப் பாத்தாத்தான் தெரியும். தீர்ப்போட நின்னுடக் கூடாது மோட்டாரு. அதுக்கப்புறமும் மனுசங்க பேசியிருப்பாங்க."

டிக்ரிக்கு ஒன்று, ராஜி மனுவுக்கு ஒன்று என்று இரண்டு நகல் மனு எழுதினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. ராஜியை மட்டும் வாங்கிவிடலாமே, தோற்ற காகிதம் எதற்கு? நீதிபதி முன்னால், எங்கள் ஊர்க்காரர்கள் பின்னால் நிற்க, எங்கப்பா தோற்றதை நானே கொண்டுபோய்ப் படிக்கக் கொடுப்பதா? பாதை போனாலும் பரவாயில்லையோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதை அவரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"நீங்க பாதியைக் கொடுத்தா எதிராளி மீதியைக் கொண்டு வருவான். அப்ப உங்கப்பா தோத்தவரு மட்டும் இல்ல, நீங்க மறைச்சவரும் ஆயிருவீங்க. யோசிச்சுக்கங்க. எழுதறதும் வுடறதும் உங்க இஷ்டம்."

எழுதச் சொன்னேன். தைரியத்தால் இல்லை. இரண்டு கிலோமீட்டர் வரப்பு கண்ணில் தெரிந்தது.

நகல் மனு கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. எத்தனை பக்கம் வரும் என்று எண்ணிப் பார்த்து, அத்தனை நகல் முத்திரைத் தாள் கொண்டு வா என்று கோர்ட் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் தாள் கொடுக்காவிட்டால் மனு அடிபட்டுப் போகும். ஜமால் பாய் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். தினம் வந்து பார்க்கவும் சொல்லியிருந்தார். நான் செவ்வாய்க்கிழமைதோறும் காப்பர் கம்பி வாங்க அரியலூர் போகிறவன். கம்பி வாங்கப் போகிற அன்றைக்குப் பார்த்தால் போதாதா என்று ஒரு கெட்டிக்காரக் கணக்குப் போட்டேன். பட்டியல் புதன்கிழமை ஒட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை ஊர் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். "பாய் சொல்லச் சொன்னாரு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள தாளோட வரலன்னா, மோட்டாரை வித்துட்டு மாடு வாங்கிக்கச் சொன்னாரு" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அதே பஸ்ஸில் ஏறினேன். மூன்றரைக்குத் தாள் கொடுத்தேன். ஜமால் பாய் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நகல் பிரிவில் டைப் அடித்து, இன்னொருவர் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து, உண்மை நகல் என்று சீல் வைத்துக் கொடுத்தார்கள். டிக்ரியை நான் படிக்கவில்லை. ராஜி மனுவை ஜமால் பாய் வாசித்துக் காட்டினார். மாட்டுக்கொட்டாயைத் தம்பி பிரித்துவிடுகிறார். கொல்லையில் அவருக்கு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். அண்ணன் தன் விருப்பப்படி எட்டடி அகலத்துக்கு வண்டிப்பாதை விடுகிறார். அதைத் தம்பியும் அவர் வாரிசுகளும் என்றைக்கும் தடையில்லாமல் அனுபவிக்கலாம். கீழே பெரியப்பாவின் கையெழுத்து, எங்கப்பாவின் கைரேகை என்று குறித்திருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என்ன காகிதம் என்று தெரிந்துவிட்டது. "தோத்துட்டு வந்து பெரியப்பா வூட்டு வாசல்ல மூணு நாளு நின்னாருடா. உக்காரச் சொன்னாலும் உக்காரல. மூணாம் நாளு உங்க பெரியம்மாதான் சோத்தைப் போட்டு உள்ள கூப்புட்டாங்க" என்றாள். "நீ சின்னப்புள்ள. உனக்கு ஜெயிச்ச அப்பாவா இருக்கட்டும்னு சொன்னாரு. அப்புறம் சொல்லிச் சொல்லி அவருக்கே அப்படி ஆயிருச்சு."

வாய்தா அன்று இரண்டு காகிதத்தையும் எங்கள் வக்கீல் கொடுத்தார். டிக்ரியைப் பற்றிச் சொன்னபோது எனக்குத் தலை கவிழ்ந்தது. ராஜியைப் படித்தபோது, எதிர்ப்பக்கம் நின்ற சாமிக்கண்ணு அண்ணன் தன் வக்கீலைத் தாண்டி வந்து, கையெழுத்து யாருடையது என்று கேட்டார். உங்கப்பாவுடையது என்றார்கள். அவர் அப்பா அவரிடம் சொன்னது கேஸில் ஜெயித்ததை மட்டும்தான். பாதை விட்டதைச் சொல்லவே இல்லை. இரண்டு அப்பாக்களும் இரண்டு மகன்களிடம் ஆளுக்குப் பாதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் நேராக வந்தார். படல் வைத்ததிலிருந்து பேச்சு இல்லை. "எங்கப்பா எழுதிக் கொடுத்தது. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல" என்றார். கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி, "படலைப் பிரிச்சுடறேன். முள்ளை நீயே பொறுக்கிக்க" என்றார். பொறுக்கினேன். உள்ளங்கையில் பத்து நாள் குத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஊரில் யாருக்குப் பழைய கேஸ் காகிதம் வேண்டுமென்றாலும் நானே கூட்டிக்கொண்டு போய் ஜமால் பாய் முன்னால் நிறுத்துவேன். எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், முப்பது வருஷத்துக்கு முந்தின கட்டு வேண்டுமென்று வந்தார். கட்டை விதிப்படி எப்போதோ அழித்துவிட்டார்கள். பதிவேடு மட்டும்தான் மிச்சம். ஜமால் பாய் அவரை உட்கார வைத்து, பதிவேட்டில் இருந்த அந்த ஒரு வரிக்கே நகல் வாங்கிக் கொடுத்தார். "கட்டு போனாலும் நீங்க வந்து நின்னதுக்கு ஒரு வரி சாட்சி இருக்குங்க" என்றார். பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அது அவருக்கு உதவியதா என்று எனக்குத் தெரியாது.

ஜமால் பாயுடைய தம்பிமார் மூன்று பேரும் சவூதிக்குப் போனவர்கள். ஊரில் அவர்கள் வீடு மாடியாக உயர்ந்தபோது இவருடையது ஓட்டு வீடாகவே இருந்தது. அதைச் சொல்லிக் கேலி செய்தால், "அவங்க கடல் தாண்டி சபருக்குப் போனாங்க. நானும் போனேன். ஐம்பதாம் வருஷம், நாப்பதாம் வருஷம்னு எத்தனை தூரம் போயிட்டு வந்திருக்கேன்" என்பார்.

டீக்கடையில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டேன். "எந்த டீக்கடை?" என்றார். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை கபரில் மூன்று கைப்பிடி மண் போட்டேன். அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா உங்களைப் பத்திப் பேசுவாங்க" என்றான். என்ன பேசுவார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. புதன்கிழமைப் பட்டியலைத்தான் சொல்லியிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம், செத்துப்போனவர் யாருப்பா, நம் தாத்தாவுக்குக் கேஸ் ஜெயித்துக் கொடுத்தவரா என்று கேட்டான். ஊரில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கலாம். களைப்பாகவும் இருந்தது. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"உங்க தாத்தா தோத்துட்டாருடா. தோத்துட்டுப் போயி அண்ணன் வாசல்ல நின்னு கேட்டாரு. அவரும் கொடுத்தாரு. அதான் நம்ம பாதை" என்றேன்.

அவன் உடனே, "எத்தனை நாளு நின்னாரு?" என்று கேட்டான்.